பழசுக்குப் புதுசு

லோசனி முகத்தைக் காட்டினாலே ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். இருபது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அந்தச் சிரிப்புதான். துடைப்பத்தால் அடி வாங்குவாள், மாவுத் தொட்டியில் தலைகீழாக விழுவாள், தியேட்டர் குலுங்கும். இப்போது அந்தச் சிரிப்பே அவளுக்கு எமனாக வந்து நின்றது.

முதல் தடவையாக ஒரு டைரக்டர் அவளை நம்பிக் கனமான வேஷம் கொடுத்திருந்தார். வீடு வாசல் இல்லாமல் நடைபாதையில் கிடக்கிற ஒரு பெண்ணாக நடிக்க வேண்டும். பாதிப் படம் முடிந்ததும், எடுத்தவரைக்கும் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் அழும் காட்சியில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா, கூட நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். இந்த லட்சணத்தில் போனால் படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

லோசனி நேரே இந்திராணி டீச்சரிடம் போனாள். அவளுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர் அவர். வயதில் அவளைவிடச் சின்னவர், வாய் மட்டும் பெரிசு. அவரிடம் பாராட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை, ஆனாலும் எல்லாரும் திரும்பத் திரும்பப் போவார்கள்.

"டீச்சர், என்னைப் பார்த்து ஜனங்க சிரிக்கக் கூடாது. நான் என்ன செய்யணும்?"

"படத்துல என்ன கட்டிக்கிற?" என்று கேட்டார் டீச்சர்.

லோசனிக்கு அது பெருமையான விஷயம். சினிமாவில் ஏழைக்குப் புடவை வேண்டுமென்றால், புதுசை டீத்தண்ணியில் முக்கி, செங்கல்லில் தேய்த்துக் கொடுப்பார்கள். இந்த டைரக்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நிஜப் புடவை டீச்சர். ஷூட்டிங் நடக்குதே, உங்க தெரு நடைபாதை, அங்கேயே இருந்த ஒரு அம்மாகிட்ட வாங்கினாங்க. சும்மா இல்ல, பழசுக்குப் புதுசு கொடுத்தோம். காஸ்ட்யூம்காரங்க ஏதோ மட்டமா எடுத்துட்டு வந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. நானே கடைக்குப் போய் அகலச் சரிகை போட்டதா எடுத்தேன்."

"வா," என்று எழுந்தார் டீச்சர்.

தெருக்கோடியில் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் மத்தியானம் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தினமும் தெரியும். லோசனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடையாளம் கண்டுவிட்டால் கூட்டம் கூடிவிடும். இருவரும் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

பரிமாறுகிற ஆள் ஒரு பெண்ணை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தான்.

"ஏம்மா, நீ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? கல்யாண மண்டபம் அடுத்த தெரு. இங்க வெறும் சாம்பார் சாதம்தான்."

வரிசை சிரித்தது. லோசனியும் சிரித்துவிட்டாள். ஆளுக்கு நல்ல டைமிங் என்று அவள் தொழில் புத்தி சொல்லிற்று.

அப்புறம்தான் அந்தப் பெண் கட்டியிருந்த புடவையைப் பார்த்தாள். அகலச் சரிகை. கடையில் அவளே விரல் நீட்டிக் காட்டி எடுத்தது.

"இல்லாதவங்களுக்குத்தான் போடுறோம். நேத்தே சொன்னேன்ல, தள்ளிக்கோ," என்றான் அவன்.

அந்தப் பெண்ணின் பெயர் பூங்காவனம். வெறும் தட்டோடு வரிசையை விட்டு வெளியே வந்தவளை லோசனி வழிமறித்து, முந்தானையை விலக்கினாள்.

"அம்மா, வாங்க. ஓட்டல்ல சாப்பாடு வாங்கித் தரேன்."

"ஷூட்டிங்கு அம்மாவா? இன்னிக்கு வாங்கித் தருவ. நாளிக்கு?" பூங்காவனத்தின் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "என் பொடவைய குடுத்துடும்மா. இத நீயே வச்சுக்க. இதக் கட்டிக்கினு சோத்துக்கு நின்னா தொரத்துறாங்க. ராவுல படுத்தா கண்டவனும் கிட்ட வரான். அதக் கட்டிக்கினு இருந்தப்போ ஒருத்தனும் வந்ததில்ல."

"வேற புடவை இல்லையாம்மா?"

"இருந்துச்சு. ஷூட்டிங்குன்னு எங்களைக் காலி பண்ணப்போ மூட்டையோட அதையும் குப்பை வண்டில ஏத்திட்டாங்க."

"எங்க வீட்டுல பழசு நிறைய இருக்கு. கொண்டு வரேன்."

"உன் பழசு எனக்குப் புதுசும்மா. அதுக்கும் தொரத்துவாங்க."

லோசனி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பாதிப் படம் அந்தப் பழம்புடவையிலேயே எடுத்தாயிற்று. ஒரு கிழிசல் இடம் மாறினாலும் திரையில் காட்டிக் கொடுத்துவிடும். புடவை போனால் படம் போச்சு. படம் போனால் மறுபடியும் மாவுத் தொட்டிதான்.

"படம் முடிஞ்சதும் தரேன்மா," என்றாள். அதைச் சொன்ன தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பூங்காவனம் சரிகை தெரியாதபடி முந்தானையை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

லோசனி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் தன் பழைய கேள்விக்கே திரும்பினாள்.

"நீங்க எனக்குப் பதில் சொல்லலையே டீச்சர்."

"'படம் முடிஞ்சதும் தரேன்'னு இப்ப அவகிட்ட ஒரு வரி சொன்னியே," என்றார் டீச்சர். "அதை அப்படியே கேமரா முன்னால சொல்லு. ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."