பாறைக்குள் இருந்தவர்கள்

குலசேகரன் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வுபெற்ற பின் மலையடிவாரத்தில் வடிவம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மை "தாயே"தான்.

ஒரு நாள் காலையில் கேட்டார்.

"நடுக்கடலில் இருந்துகொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பேசியிருக்கிறேன் தாயே. பெற்ற மகளிடம் பேச முடியவில்லை. போனில் எவ்வளவு சொன்னாலும் மறுமுனையில் மௌனம்தான். ஏன்?"

அம்மை வாய் திறக்குமுன் தரை அதிர்ந்தது. மேலே, தண்ணீர் கொண்டுபோகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தின் வாய் சரிந்து மூடியிருந்தது. உள்ளே மாரப்பனும் அவன் கூட்டாளியும், இரண்டு பேர்.

அம்மையும் குலசேகரனும் ஏறி ஓடினார்கள்.

மேஸ்திரியின் கையிலிருந்த வாக்கிடாக்கியைக் குலசேகரன் வாங்கினார். உள்ளே போனவர்களிடமும் ஒன்று இருந்தது.

"மாரப்பா, கேக்குதா?"

வெறும் இரைச்சல். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்.

"ஈர மண் இந்த அலையைக் குடித்துவிடும்" என்றார் கடைசியில்.

"எந்தப் பக்கம் தோண்டுறதுன்னே தெரியலையே சாமி" என்றார் மேஸ்திரி. "தப்பான இடத்துல கைவச்சா மிச்சமும் சரிஞ்சிரும்."

மாரப்பனின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அம்மை ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். மண்வாரி எந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். அழுதவளின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ தாயி" என்றார். பிறகு சரிவில் ஏறிப்போய்ப் பாறையில் குப்புறப் படுத்தார். இங்கே காதை வைத்தார். நகர்ந்துபோய் அங்கே வைத்தார். வெகுநேரம் கழித்து, குலசேகரனைக் கைகாட்டி அழைத்தார்.

"காதை வையுங்கள்."

வைத்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. மூச்சை அடக்கினார். அதற்கும் அடியில், எங்கோ ஆழத்தில்...

டொக். டொக்.

தலையைத் தூக்கி மேஸ்திரியைக் கைகாட்டி அழைத்தார்.

அந்த இடத்தில் தோண்டினார்கள். பொழுது சாயுமுன் இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது. மாரப்பன் கையில் சுத்தியல். அதை விடச் சொன்னபோது அவனுக்கு விரல்களைப் பிரிக்கவே வரவில்லை. மனைவிதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

இறங்கி வருகையில் குலசேகரன் சொன்னார்.

"காற்றில் போகிற அலை பாறைக்குள் செத்துவிடும். பாறைக்குள் அதிர்வுதான் ஓடும். தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை." அம்மையின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எப்படித் தட்டினீர்கள் தாயே, அவர்கள் பதிலுக்குத் தட்ட?"

"நான் தட்டவில்லை" என்றார் அம்மை. "மண் சரிந்ததிலிருந்தே அவர்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்."