பதினான்காம் வளைவில் நின்ற பேருந்து

தீர்ப்புச் சொல்வதற்கு நம்மில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கதை. பொறுமையாகக் கேளுங்கள், பாதியிலேயே யார் மேலாவது பாய்ந்துவிடாதீர்கள்.

கருமலைக்குப் போகும் ஒரே பேருந்தை ஓட்டியவர் அங்கமுத்து. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பத்தொன்பது வருடத்தில் அவர் கையில் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. மாலையில் மலை ஏறும் வண்டி, இரவு அங்கேயே தங்கி, காலை ஆறு மணிக்கு முதல் நடையாக இறங்கும். அந்த மனிதருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் சர்க்கரை முற்றிப்போய், மாத்திரைக்கு அடங்காமல், இன்சுலின் ஊசி போட வேண்டியதாயிற்று.

"வண்டிய மட்டும் விடச் சொல்லாதீங்க சார்" என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஓட்டும்போது கை நடுங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அங்கேயே நிறுத்தி இனிப்புத் தின்ன வேண்டும். உடம்பு தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாது. தெளிந்ததுபோலத் தோன்றி மறுபடியும் மயக்கம் தள்ளிவிடும். அங்கமுத்து பெற்ற மகள் மேல் சத்தியம் செய்தார்.

மலை டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் நடையை இறக்காமல் வாயில் எதுவும் வைக்க மாட்டார்கள். வயிறு நிறைந்தால் வளைவில் கண் சொக்கும் என்பார்கள். அடிவாரத்துக் கடையில் எல்லா டிரைவர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் காலைப் பலகாரம். ஊசியை அங்கே போய்ப் போட்டுக்கொண்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சட்டையைத் தூக்க அவருக்குக் கூச்சம். கேலி பேசுவார்கள், பேச்சு டிப்போ வரைக்கும் போகும், பிறகு மலை வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் மலை மேலேயே, தங்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்தே முக்காலுக்குப் போட்டுக்கொள்வார். ஏழு மணிக்குள் அடிவாரம் வந்துவிடும். வழியில் கொஞ்சம் வேர்க்கும், சமாளித்துக்கொள்வார். விஷயம் தெரிந்தவர் கண்டக்டர் வேடியப்பன் ஒருவர்தான். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று தன் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பார்.

ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. வேடியப்பன் விசில் ஊதப் போகும் நேரத்தில் சடையன் என்ற இளைஞன் தலைதெறிக்க ஓடி வந்தான். அவன் மனைவி துளசியைப் பாம்பு கடித்துவிட்டது. கீழ்க்காட்டிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கி வருகிறார்கள்.

"அரை மணி பொறுத்துக்கங்கண்ணா" என்றான்.

ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து ஏறித் திரும்பி இறங்குவதற்குள் பொழுது போய்விடும். "நிக்குறோம்பா, நீ போய்க் கூட்டியா" என்றார் வேடியப்பன். அந்த அரை மணியில் டீக்கடை மாரக்காள் இரண்டு பணியாரத்தை இலையில் வைத்து நீட்டினாள். அங்கமுத்து வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

துளசியைப் பின் சீட்டில் படுக்கவைத்து வண்டி புறப்பட்டது. பதினான்காம் வளைவில் அங்கமுத்துவின் கை நடுங்கியது. சட்டை நனைந்தது, சாலை இரண்டாகத் தெரிந்தது. மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். வேடியப்பன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு வந்து மிட்டாயை அவர் வாயில் திணித்தார். கால் மணியில் பார்வை தெளிந்தது, நடுக்கமும் நின்றது.

சடையன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "தெளிஞ்சிட்டீங்கல்லண்ணா? எடுங்கண்ணா. அவளுக்குக் கண்ணு சொருகுது."

"எடுங்கண்ணே, பழி வந்தா எம்மேல வரட்டும்" என்றார் வேடியப்பன்.

வண்டியில் நாற்பத்தொரு பேர். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. அந்த வளைவில் போனும் எடுக்காது. அங்கமுத்துவின் கை தானாகவே சாவிக்குப் போனது. ஒரு கணம்தான். சாவியை உருவி வேடியப்பன் கையில் திணித்தார். "முக்கால் மணி ஆகற வரைக்கும் நானே கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அழுதார். அவர் அழுததைப் பார்த்தும் யாருக்கும் அவர் மேல் இரக்கம் வரவில்லை. எப்படி வரும்?

அரை மணி கழித்து, மேலே ஏறி வந்த பால் வண்டி ஒன்று திரும்பித் துளசியை ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் உயிர் பிரிந்தது. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள்.

அதன் பிறகு வேடியப்பன் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அங்கமுத்துவோடு பேச்சு இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வண்டியை அரை மணி நிறுத்திவைத்தவர் வேடியப்பன். தெளிந்த ஆளை ஓட்டச் சொல்லிக் காலைப் பிடித்தவன் சடையன். சாவியை உருவி ஓட்ட மறுத்தவர் அங்கமுத்து. இதில் பிழை செய்தவர் யார்? எப்போது செய்தார்?

விடை இது. உயிருக்குப் போராடுகிறவளுக்காக வண்டியை நிறுத்தியது பிழையில்லை. கட்டினவன் காலைப் பிடித்ததும் பிழையில்லை. பதினான்காம் வளைவில் அங்கமுத்து செய்ததும் சரியே; இன்னும் பதின்மூன்று வளைவுகள் பாக்கி, உள்ளே இருந்ததோ நாற்பத்தொரு குடும்பத்து உயிர். பிழை ஐந்தே முக்கால் மணிக்குச் சாத்திய கதவுக்குள், சாப்பாட்டை ஒரு மணிக்கு மேல் தள்ளிவைத்துப் போட்ட ஊசியில் நடந்தது. தினமும் நடந்தது, அன்றைக்குத்தான் பலித்தது. பிழை செய்தவரும் சரியாகச் செய்தவரும் ஒரே ஆள். இந்த விடையை நான் கண்டுபிடிக்கவில்லை. டிப்போவில் தானே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து மலை வண்டியை விட்ட பிறகு, அங்கமுத்து கருமலைக்குப் போய்ச் சடையனிடம் சொன்னது இது. அதுவரைக்கும் சடையன் அந்தப் பாம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டவன், "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணா" என்றான்.