சிந்திய மீன்

கடற்கரை மண்டபத்தில் இருந்த குருவுக்கு நாற்பது வயது. சீடர் அஞ்சப்பனுக்கு அறுபது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஊரில் உண்டு. அஞ்சப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று காலை முகம் தொங்கிப்போய் வந்து மணலில் உட்கார்ந்தார்.

“சாமி, சாயங்காலம் ஊர்க்கூட்டம். சங்கம் வந்து சமபங்குன்னதும் பாதிப் பேரு சோம்பிட்டாங்க, நாம கூடி இழுக்குற கரைவலையைப் பழைய முதலாளிக்கே வித்துடலாம்ங்கறாங்க சில பேரு. வித்தா பிடிக்கிற மீன்ல பாதியை அவரே தின்னுடுவாரு, சங்கமே வச்சிருக்கட்டும்ங்கறாங்க மத்தவங்க. நான் கைதூக்குற பக்கம்தான் ஜெயிக்கும். எது நியாயம்?”

குரு ஒரு கூடை மத்தி மீனை அவர் முன்னால் நகர்த்தினார்.

“முதலாளி காலத்துல எப்படிப் பிரிச்சீங்க?”

அஞ்சப்பன் பாதியை ஒதுக்கினார். “இது வலைக்காரருக்கு. மிச்சம்தான் இழுத்த கைகளுக்கு.”

“சங்கத்துல?”

எல்லாவற்றையும் குவித்துச் சமமாகப் பிரித்தார். அப்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சங்கத்துக்காக அவர் பட்ட அடி கொஞ்சமில்லை.

“இழுத்தவங்க எல்லாருக்கும் ஒரே பங்கு. ஒரு மீன் கூடுதல் குறைச்சல் கிடையாது.”

ஒரு மீன் தவறி மணலில் கிடந்தது. குரு அதைக் காட்டினார்.

“இது?”

மணலில் சிந்தும் மீனைப் பொறுக்கித்தான் அவருடைய தம்பி மனைவி தையல்நாயகி பிள்ளையை வளர்த்தாள். தம்பி கடலோடு போய் மூன்று வருஷம். சங்கம் வந்து ஒரு வருஷம்.

“சிந்தினதும் முதலாளி மீன்தான்னு அப்போ கணக்குப்பிள்ளை விரட்டுவான் சாமி.”

“இப்போ?”

அஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லாருக்கும் சொந்தமானதை ஒருத்தி எடுக்கலாமான்னு சங்கத்துல கேட்டாங்க. தலைவர் நான். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுறேன்னு பேர் வந்துடக் கூடாதே. மடியை உதறும்மான்னு நானே சொன்னேன். உதறிட்டுப் போனா. ஏழெட்டு மீன் இருக்கும்.”

அந்த வயதில் அவர் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை.

குரு காத்திருந்தார். பிறகு சொன்னார்: “எந்தப் பக்கம் கைதூக்கணும்னு அந்தம்மாவைக் கேட்டுட்டு வாங்க. ரெண்டு காலத்துலயும் இந்த மணல்ல குனிஞ்சது அவங்கதான்.”

“கேக்க ஆளில்லை சாமி. முந்தாநாள் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிட்டா.”

குரு மணலில் கிடந்த மீனை எடுத்து, ஒட்டியிருந்த மணலைத் துடைத்து, எந்தப் பங்கிலும் சேர்க்காமல் தனியே வைத்தார்.

“அப்போ கூட்டம் முந்தாநாளே முடிஞ்சிருச்சு, அஞ்சப்பன்.”