பூவைப் பிடித்த கை

சீடன் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துவிட வேண்டாம். ஏகாம்பரத்துக்கு நாற்பத்தொரு வயது, மீசையில் பாதி நரை. பதினெட்டு வருஷம் கோயில் கோயிலாகப் போய் அம்மன் சிலைகள் செதுக்கியவர். தெய்வத்தை நூல் பிடித்துச் செதுக்கிவிட முடிகிறது, மனுஷரைச் செதுக்கத்தான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் உலகம்மையின் கல்பட்டறைக்குச் சீடனாக வந்து சேர்ந்தார். உலகம்மைக்கு அவரைவிட ஐந்து வயது குறைவு. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டறை கடற்கரைச் சாலையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. உலகம்மை அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கமும் கிடையாது.

அடுத்த ஊரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே, உள்ளே போனவளுக்காக வெளியே காத்திருப்பவர்கள் உட்கார ஒரு கூடம் கட்டினார்கள். பிள்ளை பெற்ற மறுநாள் தாயும் பிள்ளையும் இருப்பதுபோல் ஆளுயரத்தில் ஒரு சிலை வேண்டும் என்று பட்டறைக்கு வந்து கேட்டார்கள். உலகம்மை அந்த வேலையை ஏகாம்பரத்திடம் கொடுத்தார்.

"பீடத்துல உங்க பேரையே வெட்டிக்கோங்க" என்றார்.

கோயில் சிலையில் யாரும் பேர் வெட்டிக்கொள்வதில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ அம்மன்கள் அவர் கையிலிருந்து போயிருக்கிறார்கள். ஒன்றிலும் ஏகாம்பரம் என்ற பேர் கிடையாது. அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழு மாதம் செதுக்கினார். அதே ஏழு மாதத்தில் அவர் மனைவி தவமணியின் வயிற்றில் இரண்டாவது பிள்ளை வளர்ந்தது. எட்டாம் மாதம் தவமணி மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு செய்யாற்றில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் மத்தியானம் போன் வரும்.

"எப்ப வரீங்க?"

"சிலை போனதும் வந்துடறேன். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கிறதுக்குக் கண்டிப்பா இருப்பேன்."

"போன தடவையும் பதினோராம் நாள்தான் வந்தீங்க" என்பாள் தவமணி. கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் ஏகாம்பரத்துக்குக் கஷ்டமாக இருக்கும்.

சிலை முடிந்தது. தாய் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இடது மடியில் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளை. இடது கை பிள்ளையின் இடுப்பைச் சுற்றியிருக்கிறது. வலது கையில் ஒரு நீலோற்பல மொட்டு. விரல்களின் வளைவில் ஏகாம்பரம் தன் வித்தை முழுவதையும் காட்டியிருந்தார்.

உலகம்மை வந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிள்ளையின் பின்தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மெருகு பார்க்கிறார் என்று ஏகாம்பரம் நினைத்தார்.

"நல்ல கல்லு" என்றார் உலகம்மை.

கல்லைப் பற்றி யார் கேட்டார்கள்? ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது.

"ஏதாவது குறை இருக்குதாம்மா?"

"பத்து நாள் வாசல்ல வைங்க. அடுத்த வெள்ளிக்கிழமைதானே வண்டி வருது? அதுக்குள்ள நீங்களே சொல்லுங்க."

"பேரை இப்பவே வெட்டிடட்டுமா?"

"சொன்னப்புறம் வெட்டிக்கலாம்."

உருளைகளை அடியில் கொடுத்து நாலு பேர் தள்ளி, சிலையை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு ஏகாம்பரமும் உட்கார்ந்துகொண்டார்.

முதல் நாள் முழுக்கக் குறையைத் தேடினார். நூலை எடுத்து மறுபடி அளந்தார். நெற்றி சரி, மார்பு சரி, முழங்கால் சரி. பிள்ளைக்கும் சாஸ்திரத்தில் சொன்ன அளவுதான். குறை இருந்தால்தானே கிடைப்பதற்கு என்று நூலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலுக்குப் பட்டறையின் கூரைக்குக் கீழே ஒதுங்குவார்கள். சிலை கண்ணில் பட்டால் கிட்டே வருவார்கள். ஆண்கள் கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டார்கள். ஒருவர் தாயின் மூக்குத்தியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெண்கள் வேறு மாதிரி செய்தார்கள். மீன் விற்கும் செல்லக்கிளி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள், சிலையைப் பார்த்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பின்தலையில் வைத்தாள். பஸ் வந்ததும் எடுத்துக்கொண்டாள். அடுத்து வந்த டீச்சரும் அங்கேயேதான் கை வைத்தார். மூன்றாவதாக வந்தவள் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு நிற்கவில்லை, ஆனால் கை மட்டும் போய்ப் பிள்ளையின் பின்தலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

ஏகாம்பரத்துக்கு இது புதிராக இருந்தது. ஏழு மாதம் உழைத்த விரல்களை ஒருத்தியும் தொடவில்லை. தாயின் முகத்தைக்கூடத் தொடவில்லை. எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் அந்த ஒரே இடத்துக்குத்தான் போனார்கள்.

மறுநாள் செல்லக்கிளியிடமே கேட்டார்.

"ஏம்மா, நேத்து புள்ளையோட தலைக்குப் பின்னாடி எதுக்குக் கை வச்சே?"

"நானா? வைக்கலியே."

"நான் பார்த்தேன்."

"வச்சிருப்பேன்" என்றாள் செல்லக்கிளி. "அதுக்கென்ன இப்ப? வஞ்சிரம் இருக்குது, வேணுமா?"

ஏகாம்பரம் எண்ண ஆரம்பித்தார். ஒரு சிலேட்டை எடுத்து, கை வைத்த பெண்களுக்கு ஒரு பக்கம், வைக்காதவர்களுக்கு மறுபக்கம் கோடு போட்டார். சாயங்காலம் மறுபக்கத்தில் நாலே கோடுதான். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடச் சிறுமிகள். ஏதாவது வேண்டுதலோ என்று யோசித்தார். புதுச் சிலைக்கு ஏது வேண்டுதல்? அந்த இடத்தில் மெருகு அதிகமோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தார். மற்ற இடம்போலத்தான் இருந்தது.

"அம்மா, எல்லாரும் ஒரே இடத்துலதான் கை வைக்கிறாங்க. ஏன்?" என்று உலகம்மையிடம் போய்க் கேட்டார்.

உலகம்மை உளிக்கு முனை தீட்டிக்கொண்டிருந்தார். "புதன்கிழமை வரைக்கும் பாருங்க" என்றார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையிலேயே பஸ் நிறுத்தத்தில் கைப்பிள்ளைக்காரிகள் கூடிவிட்டார்கள். சாலை முனையில் தையல் கடை வைத்திருக்கும் ஜைதூனும் ஒன்றரை மாத ஊசிக்குத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் சிலை முன்னால் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தப் பாப்பாவுக்கு எத்தனை மாசம்ணே?"

"மாசமா? பொறந்து ஒரு நாள்."

ஜைதூன் சிரித்துவிட்டாள். "ஒரு நாளா? உட்கார்ந்திருக்கிற தோரணையப் பார்த்தா இட்லி கேக்கும் போலிருக்குதே. இந்தம்மாவும் பெத்த மறுநாளே பூவைப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கொடுத்து வச்சவங்கதான்."

ஏகாம்பரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. பதில் சொல்வதற்குள் ஜைதூன் பையைத் துழாவ ஆரம்பித்தாள்.

"ஊசி அட்டையைக் காணோம். செத்த நேரம் புடிங்கண்ணே" என்று பிள்ளையை நீட்டினாள்.

ஏகாம்பரம் வாங்கினார். எப்படி வாங்கினார் என்றால், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து, நேராக நிமிர்த்தி, தன் சிலையில் இருப்பதுபோலவே வாங்கினார். பிள்ளையின் தலை சட்டென்று பின்னால் சாய்ந்தது.

"தலை, தலை" என்றாள் ஜைதூன். வாய் சொல்லும் முன்பே அவள் கை அங்கே போயிருந்தது. ஏகாம்பரத்தின் வலது கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் பின்தலைக்குக் கீழே வைத்தாள். "இன்னும் கழுத்து நிக்கலைண்ணே. மூணு மாசமாவது ஆகும். இது தெரியாதா உங்களுக்கு? உங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்குதே."

தெரியாது. அதுதான் உண்மை. மகள் பிறந்தபோது ஏகாம்பரம் தூரத்தில் ஒரு கோயில் வேலையில் இருந்தார். பதினோராம் நாள் வந்தார். பச்சைப் பிள்ளையை ஆம்பளைங்க தூக்க வேண்டாம் என்று மாமியார் சொன்னார். ஏகாம்பரமும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஐந்தாம் மாதம் தவமணி பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். முதல்முறை தூக்கியபோது மகள் இடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை என்றால் அவருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். அதைத்தான் கல்லிலும் வடித்திருக்கிறார்.

உள்ளங்கையில் ஜைதூனின் பிள்ளையின் தலை சூடாக இருந்தது. நினைத்ததைவிடக் கனம். கையைக் கொஞ்சம் தளர்த்தினால்கூட அது சரியத் தயாராக இருந்தது. அட்டை கிடைத்துவிட்டது, பஸ்ஸும் வந்துவிட்டது. ஜைதூன் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். ஏகாம்பரத்துக்கு வெட்கமாக இருந்தது. நாலு வயது மகளுக்கு அப்பா என்று சொல்லிக்கொள்கிறவர், அவள் தலையை ஒருநாள்கூடத் தாங்கியதில்லை. தவமணி தினமும் போனில் கேட்டது எதற்கென்று இப்போதுதான் உறைத்தது.

சிலையைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளையின் பின்தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. இருக்கவேண்டிய கை பூவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மனுக்குச் செய்து செய்து பழகிய கை, தாயிடமும் ஒரு பூவைக் கொடுத்துவிட்டிருந்தது.

நேராக உலகம்மையிடம் போனார்.

"குறை தெரிஞ்சுடுச்சும்மா."

"சொல்லுங்க."

"தலைக்குக் கை இல்ல."

உலகம்மை தலையாட்டினார். கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியும், இல்லியா?" என்றார் ஏகாம்பரம்.

"தெரியல. என் கை தானாப் போச்சு. ஏன் போச்சுன்னு அப்புறந்தான் யோசிச்சேன். எங்க அக்கா புள்ளைங்க மூணையும் நான்தான் தூக்கி வளர்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிலையோட கையை மட்டும் திருத்தியிருப்பீங்க."

"கல்லுல எங்கம்மா திருத்தறது? வெட்டினா வெட்டினதுதான்." ஏகாம்பரம் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "ஒடைச்சிடறேன். வெள்ளிக்கிழமை வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. வேற கல்லு குடுங்க. நாளைக்கே ஆரம்பிக்கிறேன். ராத்திரி பகல் பார்க்காம செஞ்சா ஆறு மாசத்துல முடிச்சிடலாம்."

"செய்யாறு?"

"பதினோராம் நாள் போய்ட்டு வந்துடுவேன்."

உலகம்மை எழுந்து வாசலுக்கு வந்தார். ஏகாம்பரமும் பின்னாலேயே வந்தார். முதல் பஸ்ஸில் போய்ப் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய பெண்கள் சிலர் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூரைக்குக் கீழே நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இடது தோளில் போட்டிருந்தாள். அழுத பிள்ளையைத் தட்டிக்கொடுத்த வலது கை, தட்டுவதை நிறுத்திவிட்டுக் கல்பிள்ளையின் பின்தலைக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை வண்டி வரட்டும். இது போகட்டும்."

"குறையோடயா?"

"இந்தப் புள்ளையோட தலையைப் புடிக்கத் தினம் அம்பது பேர் வருவாங்க. இதை நினைச்சு நீங்க கவலைப்பட வேணாம்."

"என் பேர்?"

"இதுல வேணாம்."

ஏகாம்பரம் குனிந்து பீடத்தைப் பார்த்தார். பேருக்கென்று மெருகு போடாமல் விட்டிருந்த இடம் கரடுமுரடாக இருந்தது. பதினெட்டு வருஷமாக இல்லாத பேர் இன்னும் கொஞ்ச நாள் இல்லாமல் போனால் குடி முழுகிவிடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் வலித்தது.

"அப்ப வேற கல்லு குடுங்கம்மா. அதுலயாவது சரியாச் செய்யறேன். இன்னைக்குத்தான் தலைன்னா என்னன்னு கையில வாங்கிப் பார்த்தேனே."

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

ஏகாம்பரம் யோசித்தார். "பஸ்ஸு வர்ற வரைக்கும்."

"கல்லு இருக்குது. கொல்லையில நல்ல கல்லாவே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றார் உலகம்மை. "இப்பக் குடுக்க மாட்டேன்."

"எப்பக் குடுப்பீங்க?"

"தவமணியோட புள்ளைக்குக் கழுத்து நின்னதும் வாங்க."

"மூணு மாசமா? மாமியார் வீட்டுல மூணு மாசம் உட்கார்ந்திருந்தா ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

ஏகாம்பரம் தன் வலது கையைப் பார்த்தார். உளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"பதினஞ்சு வயசுலேர்ந்து ஒரு நாள்கூட இது சும்மா இருந்ததில்ல. மூணு மாசம் உளியைத் தொடாம இந்தக் கையை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

"புள்ளையைத் தூக்கிப் பாருங்க" என்றார் உலகம்மை. "கழுத்து நிக்கிற வரைக்கும் அந்தக் கைக்கு வேற வேலை செய்ய நேரம் இருக்காது."