மஞ்சினீல் மரத்திற்குச் சிவப்பு வளையம் வந்த வரலாறு

காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்த வைத்திலிங்கத்தின் வழியில் பிறந்த சேவுகப்பெருமாள் ஆகிய நான், எண்பத்திரண்டு வயது நிறைந்து, கண்ணும் கையும் தெளிவாக இருக்கையில், கரீபியக் கடலிலுள்ள எங்கள் தீவின் வெண்மணற்கரைகளைக் காண வருவோர் அறியும்பொருட்டு இதனை எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் மரமும் நண்டும் மலையும் மனிதரோடு வாய்திறந்து பேசின. கரையில் நின்ற மஞ்சினீல் மரத்தின் கனி, சிறு கொய்யா போன்ற தோற்றமும் மிகுந்த இனிப்பும் உடையதாயிருந்தது. அதன் வேரடியில் ஒரு நண்டு, குஞ்சுகளோடு வளை தோண்டி வாழ்ந்தது. மீன் உலர்த்தும் அஞ்சலை, தன் கைக்குழந்தையோடு நாள்தோறும் அந்த நிழலில் வந்து அமர்வாள்.

அவ்வாறிருக்கையில், கரும்பாலைக் கொப்பரைகளுக்கு விறகு தேடிக் கோடரிக்காரர்கள் வந்தனர். மரம் விழுந்த கரைகளில் அலை ஏறி மணலை வாரிச் சென்றது. மணலோடு நண்டு வளைகளும் போயின. கோடரியின் ஓசை நாளுக்கு நாள் நெருங்கியது. அடுத்த கரையில் அது கேட்ட அன்று, காற்றே இல்லாமல் மஞ்சினீலின் இலைகள் நடுங்கின.

"நாளைக்கு என் முறைடா," என்றது மரம்.

"உன் முறைன்னா என் புள்ளைங்க முறையும்தான், அக்கா," என்ற நண்டு, தீவின் நடுவிலிருந்த தீமலைக்கு விரைந்தது.

"பக்கவாட்டுல நடந்தே இவ்வளவு தூரம் வந்துட்டியா?" என்று மலை சிரித்தது.

"நேரா நடக்கத் தெரிஞ்சவங்க கோடரியோட வர்றாங்க, சாமி."

மலையின் சிரிப்பு நின்றது. அது ஒரு தணலை நண்டின் கொடுக்கில் வைத்தது. "இதை உன் மஞ்சினீல் அக்கா விழுங்கட்டும். அவளோட பால், பழம், இலை எல்லாம் எரியும். ஆனா நெருப்புக்குக் கண் கிடையாது. வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பார்க்காது. சுமந்து போற உன் குலத்தை மட்டும் விட்டுடும்."

நண்டு அதனை அப்படியே வந்து சொன்னது.

"அப்போ அஞ்சலை?" என்று மரம் கேட்டது.

"அவ வந்ததும் நீயே கிட்ட வராதேன்னு சொல்லிடு. வாய்தான் இருக்கே."

மரம் தணலை விழுங்கியது.

மறுநாள் காலை முதல் வெட்டு விழுந்தது. வெள்ளைப் பால் தெறித்துக் கோடரிக்காரனின் முகத்தில் பட்டது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு மணலில் புரண்டான். மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினர். தப்பினோம் என்று சொல்ல முயன்ற மரத்திலிருந்து ஓசையே எழவில்லை.

பிற்பகலில் பெருமழை பிடித்தது. அஞ்சலை குழந்தையை முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு, வழக்கம்போல் மரத்தை நோக்கி ஓடி வந்தாள். மரம் கிளைகளை உதறியது. காற்று என்று அவள் நினைத்தாள். நண்டு கத்தியது, மழை இரைச்சலில் அது கேட்கவில்லை. அது அவள் கால்விரலைக் கவ்வியது.

"விடுடா, விளையாட இதுவா நேரம்?" என்று அவள் சிரித்துக்கொண்டே அடிமரத்தில் சாய்ந்தாள்.

இலைகளில் வழிந்த நீர் அவள் தோளிலும் கையிலும் சொட்டியது. சொட்டிய இடமெல்லாம் கொப்புளித்தது. அவள் அலறிக்கொண்டு கடலில் பாய்ந்தாள். முந்தானையை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் மேல் ஒரு துளியும் படவில்லை.

"தெரிஞ்சுமா சொல்லாம நின்னா?" என்று அவள் மரத்தைக் காட்டி நண்டிடம் கேட்டாள்.

"சொல்ல முடியலை, தாயி. நெருப்பு முதல்ல அவ நாக்கைத்தான் தின்னுடுச்சு," என்றது நண்டு.

அஞ்சலை மரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அடுத்து வர்றவளுக்கு யாரு சொல்லுவா?"

மழை விட்டதும் செம்மண்ணை மீனெண்ணெயில் குழைத்தாள். கொப்புளித்த கையில் தென்னை ஓலையைச் சுற்றிக்கொண்டு, அடிமரத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஒரு சிவப்பு வளையம் பூசினாள். அப்போது மரம் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை.

அன்று முதல்தான் மஞ்சினீல் பேசுவதில்லை. அதன் கனியை நண்டு தின்றாலும் மனிதர் தொடுவதில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் அதனடியில் ஒருவரும் ஒதுங்குவதில்லை. எங்கள் கரைகளில் அதன் அடிமரத்திற்குச் சிவப்பு வளையம் பூசப்படுகிறது. முதல் வளையம் பூசப்பட்ட நாள், ஆவணி மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை.