திராவகம் பேட்டிக்கு வந்த கதை

வெகுகாலத்துக்கு முன்னால் பொன்வரை என்ற நாட்டை மருதவாணன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் சபையில் ‘கூடாது’ என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. கடைசியாகச் சொன்ன மந்திரி, யானைக் கொட்டிலில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் மந்திரியான நல்லாதன் தினமும் சபைக்கு வரும் வழியில் அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் வருவான்.

பட்டாபிஷேக நாள் விழா நெருங்கியது. மங்கிப்போன தங்கக் கிரீடத்தைத் துலக்குவதற்காகக் கப்பல் வணிகர்கள் கண்ணாடி ஜாடியில் கந்தகத் திராவகம் கொண்டுவந்தார்கள். தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைத்த பிறகே கிரீடத்தை அதில் முக்க முடியும்.

“நானே என் கையால் கலக்கப்போகிறேன். ஜாடியைத் திற, தண்ணீரை ஊற்றுகிறேன்” என்றான் ராஜா.

நல்லாதன் தட்டார் தெருவில் வளர்ந்தவன், திராவகம் பழகியவன். திராவகத்தில் தண்ணீரை விட்டால் நொடியில் கொதித்து, விட்டவன் முகத்திலேயே தெறிக்கும்.

“திராவகத்தைத் தண்ணீரில் விட்டால் என்ன, மகாராஜா?” என்றான் மெதுவாக.

சபை மரியாதைகளைக் கவனிக்கும் திருமேனிநாதர் எழுந்துவிட்டார். மந்திரி பதவி தனக்கு வராத ஆத்திரத்தை வருஷக்கணக்காக அடைகாத்துவருபவர்.

“என்ன பேச்சு ஐயா இது? சிறியவர்தான் பெரியவரைத் தேடி வர வேண்டும் என்பது சபை வழக்கம். திராவகம் கடல் கடந்து வந்த சரக்கு. தண்ணீரோ எருமை குளிக்கிற சரக்கு. பெரிய மனுஷர் எழுந்து அதன் வீட்டுக்குப் போவாரா? அரசர் செய்வது கூடாது என்கிறாரா மந்திரி?”

ராஜாவின் முகம் மாறியது. “அப்படியா சொல்கிறாய்?”

யானைக் கொட்டிலின் வாசனை நல்லாதனின் மூக்குக்கே வந்துவிட்டது.

“வழக்கத்தை நான் மீறுவேனா? இந்தப் பீங்கான் தொட்டித் தண்ணீரில் தங்கள் விரலை மட்டும் நனைத்து எடுக்க வேண்டும்.”

ராஜா நனைத்தான், துடைத்துக்கொண்டான்.

“இனி இது அரசர் தொட்ட தண்ணீர். இதைவிடப் பெரியது இந்தச் சபையில் ஏது? திராவகம்தான் இதைத் தேடிப் பேட்டிக்கு வர வேண்டும். பேட்டியின்போது அரசர் எட்டத்தில், சிம்மாசனத்தில். வருகிறவர் தடதடவென்று ஓடியா வருவார்? கொஞ்சம் வருவார், வணங்கி நிற்பார், சூடு தணிந்த பிறகு இன்னும் கொஞ்சம் வருவார். அழைத்துவருவது யார் வேலை?”

“திருமேனிநாதர் வேலை!” என்றது சபை.

தோல் கையுறை, தோல் மேலங்கி மாட்டி அவரை நிறுத்தினார்கள். அவர் நூல்போல் திராவகத்தை விட, நல்லாதன் கண்ணாடிக் கோலால் கலக்கினான். தொட்டி சுட்டபோதெல்லாம் நிறுத்தச் சொன்னான். கடைசியில் கிரீடம் புதுசுபோல் வெளியே வந்தது.

திருமேனிநாதருக்குப் பொறுக்கவில்லை. ஜாடியின் அடியில் மிச்சம் இருந்தது. “முறையான மரியாதையையும் காட்டிவிடுகிறேன்” என்று அதில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்தார்.

ஜாடி சீறியது. மேலங்கிக்கு வெளியே தொங்கிய சரிகைச் சால்வை சல்லடையாகிவிட்டது. தயாராக வைத்திருந்த தண்ணீரை நல்லாதன் குடம் குடமாக அவர் தலையில் கவிழ்த்தான். எருமை குளிக்கிற சரக்குதான். “இன்னும் ஒரு குடம்!” என்று அவரே கேட்டார்.

ராஜா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: “தண்ணீர்தான் பெரியது என்று நான் முதலிலேயே நினைத்தேன்.”

“தெரியும் மகாராஜா. அதனால்தானே விரலை நனைத்தீர்கள்.”

இனி அந்த ஓட்டைச் சால்வையோடுதான் சபைக்கு வர வேண்டும் என்று திருமேனிநாதருக்கு உத்தரவாயிற்று. நல்லாதன் பரிசாகக் கேட்டது கொட்டிலில் இருந்த பழைய மந்திரியை.

குளித்துவிட்டு வந்த அவர் கேட்டார்: “அரசரிடம் என்னதான் சொன்னாய்?”

“நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பதைத்தான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.”