பொதுவாக ஒரு கத்திரிக்காய்

வேலம்மையிடம் ஓவியம் படிக்க யார் வந்தாலும் முதலில் கத்திரிக்காய்தான். சாமி வரைய வந்தவனுக்கும் கத்திரிக்காய், யானை வரைய வந்தவனுக்கும் கத்திரிக்காய். பாதிப் பேர் இதென்ன கூத்து என்று ஓடிப்போனார்கள். மீதிப் பேர் இருந்து படித்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் ஆள் நடமாட்டம் குறைந்துபோன ஒரு சத்திரத்துக் கூடத்தில் அவள் இருந்தாள். தேரில் கட்டுகிற சீலைகளுக்கு உருவம் எழுதித் தருவது தொழில். வயது முப்பதுக்கு மேல் இராது.

மாசானம் வந்தபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. உப்பு வண்டி ஓட்டுகிறவன். மாடுகளை வேப்ப மரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டான்.

"எனக்கு ஒரே ஒரு முகம் வரையத் தெரிஞ்சாப் போதும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"யாரு முகம், அண்ணாச்சி?"

"எம் பொஞ்சாதி. ஆவுடை. பிள்ளை பால்குடி மறக்கதுக்கு முன்னாலயே காய்ச்சல்ல போயிட்டா."

போட்டோ எடுக்கிற பழக்கம் வண்டிக்காரர் வீடுகளுக்கு வந்து சேராத காலம் அது.

"இப்பப் பிள்ளைக்கு எட்டு வயசு. எங்கம்ம எப்படி இருப்பான்னு கேக்கா. அழகா இருப்பான்னு சொன்னேன். எப்படி அழகுங்கா. சொல்லத் தெரியல. கண்ண மூடினா அவ முகம் முன்ன மாதிரி வரமாட்டேங்குது. சில சமயம் கொழுந்தியா முகம் வந்து நிக்குது. பயமா இருக்கும்மா. முழுசா அழிஞ்சு போறதுக்குள்ள வரைஞ்சு பிள்ளை கையில கொடுத்திரணும்."

"நான் வரைஞ்சு தரட்டா?"

"நீங்க அவளப் பாத்ததில்லயே."

வேலம்மைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்து அவன் முன்னால் ஒரு கத்திரிக்காயை வைத்தாள்.

"முதல்ல இது."

மாசானம் காயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான் கறி வைக்கவா வந்தேன்?"

"கறிய மூக்கம்மா வைப்பா. நீங்க வரையுங்க."

சொல்லித்தருவதில் அவள் கஞ்சத்தனம் பார்க்கிறவள் இல்லை. கீழே ஒரு பெரிய வட்டம், மேலே ஒரு சின்ன வட்டம். இரண்டையும் பக்கவாட்டில் கோடு இழுத்துச் சேர்த்தால் உடம்பு வந்துவிடும். தலையில் ஐந்து இதழ் உள்ள ஒரு தொப்பி. தொப்பிக்கு மேலே வளைந்த காம்பு. வெளிச்சம் விழுகிற இடத்தைக் கரி படாமல் விட்டுவிட்டு மற்றதைக் கறுப்பாக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூக்கணாங்கயிறு பிடித்த கை, கரித்துண்டைப் பிடித்தால் சும்மா இருக்குமா? ஆரம்பத்தில் கரி உடைந்தது, தாள் கிழிந்தது. வட்டம் என்று அவன் போட்டதெல்லாம் உப்பு மூட்டை போலவே இருந்தது. ஆனாலும் உப்பு இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வண்டியைச் சத்திரத்தில் நிறுத்தினான். பழகப் பழகக் கை தானாக ஓடியது. கண்ணை மூடிக்கொண்டுகூட வரைந்தான். வண்டியின் பின்பலகையில் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன மாசானம், உப்ப விட்டுட்டுக் காய்கறி யாவாரத்துக்கு எறங்கிட்டியா?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நாள் தாளில் ஒரு கத்திரிக்காயை வரைந்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். கொழுகொழுவென்று, பளபளவென்று, குறை சொல்ல முடியாத காய்.

வேலம்மை சமையல்காரி மூக்கம்மாவைக் கூப்பிட்டு, சந்தையிலிருந்து வந்த கத்திரிக்காய்க் கூடையைத் தரையில் கொட்டச் சொன்னாள்.

"இதுல நீங்க வரைஞ்சது எது? எடுத்துத் தாங்க, அண்ணாச்சி."

மாசானம் ஒரு காயை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தான். இல்லை. இன்னொன்றை எடுத்தான். அதுவும் இல்லை. எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான். எல்லாமும் கொஞ்சம் ஒத்துப் போயின, எதுவும் முழுசாக ஒத்துப் போகவில்லை.

"நான் பொதுவா வரைஞ்சேம்மா."

"பொதுவா ஒரு கத்திரிக்காய் எந்தச் செடியில காய்க்குது?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்லித்தந்தபடிதானே வரைஞ்சேன்?"

"ஆமா. நான் சொன்னத வரைஞ்சிருக்கிய. காய வரையல."

"அப்ப எதுக்குச் சொல்லித்தந்திய?"

"கை ஓட வேண்டாமா? இப்ப ஓடுதுல்லா. இனிமே கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்க."

மாசானம் குவியலில் இருந்த காய்களிலேயே நல்ல காயாக ஒன்றைப் பொறுக்கினான். பொண்ணு பார்க்கப் போனவன் மாதிரி அதன் எதிரில் உட்கார்ந்தான். பார்த்துப் பார்த்து வரைந்தான். முடித்ததும் வேலம்மை அந்தக் காயை மறுபடி கூடைக்குள் போட்டுக் கலந்துவிட்டு, படத்தை மூக்கம்மாவிடம் கொடுத்தாள்.

"இதுல இருக்கிற காய எடு."

மூக்கம்மா ஒரு கை நிறைய எடுத்து நீட்டினாள். "இதுல ஒண்ணு. எதுன்னு கேக்காதிய. நல்ல காயெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

மாசானம் யோசித்தான். அடுத்து, கூடையின் அடியில் கிடந்த ஒரு கோணல் காயை எடுத்தான்.

இந்தத் தடவை அவன் சீக்கிரம் வரையத் தொடங்கவில்லை. காயைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"இந்தத் தொப்பியில ஒரு இதழு குட்டையா இருக்கேம்மா. ஏன்?"

"அதுகிட்டக் கேளுங்க."

"நீங்க ஐஞ்சுன்னிய. இதுக்கு ஆறு இருக்கு."

"அப்படியா?" அவளும் எட்டிப் பார்த்தாள். அவள் கேட்டது நிஜமான ஆச்சரியத்தோடுதான்.

"தொப்பிக்கு அடியில வெளுத்துக் கெடக்கு. வெயிலு படாத எடமோ?"

"இருக்கும்."

"வயித்துல ஒரு உரசல். காத்துல ஆடி ஆடிக் கொப்புல இடிச்சிருக்கும்போல. அது இடிச்ச பக்கம் வளராம நின்னுபோச்சு. அதான் கோணிருக்கு!" மாசானத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்ச் சங்கதி ஒன்றைக் கண்டுபிடித்தவன் போலக் கூடத்தில் இருந்த எல்லாரிடமும் காயைக் காட்டினான். மாடுகள் தண்ணீருக்குக் கத்தியது அவன் காதில் விழவில்லை.

படம் முடிந்தது. காய் கூடைக்குள் போனது. மூக்கம்மா படத்தைப் பார்த்தாள், கூடைக்குள் கையை விட்டாள், எடுத்துவிட்டாள்.

"இந்தச் சொத்தைக்கா இம்புட்டுப் பாடு?" என்று சொல்லிக் காயை மாட்டுக்கு வீசப் போனாள்.

"ஐயோ, அதப் போட்டிராதிய!" மாசானம் எழுந்து ஓடி வாங்கிக்கொண்டான். கறி வைக்கவா வந்தேன் என்று கேட்டவன்தான்.

வேலம்மை சிரித்தாள். பெட்டியைத் திறந்து, சீலைக்கு மாதிரி எழுத வைத்திருந்த நல்ல தாள்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இனி உங்க வீட்டம்மாவ வரையுங்க, அண்ணாச்சி."

மாசானம் எழுந்து ஆற்றுக்குப் போனான். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். முட்டை வடிவத்தில் ஒரு கோடு. நடுவே மூக்கு. இரண்டு பக்கமும் மீன் போலக் கண்கள். வில்லாகப் புருவம். சின்ன வாய், மூடிய உதடு. நெற்றியில் பொட்டு. தலையில் பூவும் வைத்தான்.

மூக்கம்மா வந்து எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோயில்ல இருக்கிற அம்மன் மாதிரில்லா இருக்கா!"

மாசானம் வேலம்மையின் முகத்தைப் பார்த்தான். அவள் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, தேர்க் கூட்டத்துல இவ தொலைஞ்சு போனா, கண்டுபிடிச்சிருவியளா?"

அவன் படத்தைத் தன் பக்கம் திருப்பினான். பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"இது அவ இல்லம்மா."

"அவ எப்படி இருப்பா?"

"முன்பல்லு ரெண்டும் உதட்டுக்கு வெளிய தெரியும். இடது புருவத்துல மாட்டுக் கொம்பு கீறின தழும்பு, அந்த எடத்துல முடி கெடையாது. சிரிப்பு வந்தா கையால வாயப் பொத்திக்குவா. பொத்தினாலும் பல்லு விரலுக்கு மேல எட்டிப் பாக்கும். அதுக்கும் சேத்துச் சிரிப்பா."

"முகம் மறந்துபோச்சுன்னு சொன்னிய."

"இப்ப வருது. நல்லாவே வருது."

"அப்ப ஏன் இத வரைஞ்சிய?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளைகிட்ட அழகுன்னு சொல்லி வச்சிருக்கேனே. அம்மையப் பாக்கணும், பாக்கணும்னு கெடக்கா. பல்லும் தழும்புமா வரைஞ்சு கொடுத்தா மனசு விட்டுப்போவா. அவ ஆசையா ஒரு தடவ பாக்கட்டும்னுதான்."

வேலம்மை அவன் முன்னால் கிடந்த கரித்தூளைத் துணியால் துடைத்தாள்.

"உங்க மக பேரு என்ன?"

"பேச்சி."

"எட்டு வயசுன்னா பேச்சிக்கு முன்பல்லு விழுந்து முளைச்சிருக்குமே?"

"முளைச்சாச்சு."

"எப்படி இருக்கு?"

மாசானம் படத்தில் இருந்த மூடிய உதட்டைப் பார்த்தான்.

"அம்மைக்கு இருந்த மாதிரியேதான். தெருவுல பிள்ளைக கேலி பண்ணுதுக. இப்பல்லாம் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கா."

"அம்ம எப்படி இருப்பான்னு எப்பலருந்து கேக்கா?"

"பல்லு முளைச்ச பொறவுதான்."

"அப்ப அவ தேடுதது அழகான முகத்தையா, அண்ணாச்சி?"

மாசானம் புதுத் தாள் ஒன்றை எடுத்தான். முட்டை வடிவம் போடாமல், முதலில் அந்த இரண்டு பற்களை வரைந்தான்.